டகன்ஸ் வரைக்கும்

பத்தேகாலுக்கு கிளெம் தொப்பியைப் போட்டுக்கொண்டார். அவர் மனைவி நோலா பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் நின்றுவிடுவார். நின்றால் எதற்காகக் கிளம்பினோம் என்பது மறந்துபோகும். கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

ஏழாவது மாடி. லிஃப்ட் வருவதைப் பொறுத்து இரண்டு நிமிடத்திலோ ஐந்து நிமிடத்திலோ அவர் கீழே தெரிவார். இன்று ஐந்து. சாம்பல் நிறத் தொப்பி. வலது தோள் சற்றுத் தாழ்ந்த நடை. சிட்னித் தெருக்களில் முப்பது வருடம் பஸ் ஓட்டியதில் தாழ்ந்த தோள். தபால் பெட்டிகளைத் தாண்டி, யூகலிப்டஸ் மரத்தை எப்போதும்போல் இடப்பக்கமாகச் சுற்றி, சிக்னலில் நின்றார். பச்சை விழுந்ததும் மற்றவர்கள் நடந்தார்கள். அவர்களோடு அவரும் நடந்தார். எதிர்ப்பக்கம் டகன்ஸ் சூப்பர் மார்க்கெட்டின் தகரக் கூரைக்குக் கீழே தொப்பி மறைந்தது. நோலா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இனி நாற்பது நிமிடம். இந்த நேரத்தில் அவள் எதுவும் செய்வதில்லை. ரேடியோ போடுவதில்லை, டீ வைப்பதில்லை. ஆரம்பத்தில் துணி மடித்தாள், படுக்கையைச் சரிசெய்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். இந்த நாற்பது நிமிடம் யாரும் அவளிடம் தன் செருப்பு எங்கே என்று கேட்க மாட்டார்கள். காலில் இருக்கிறது என்று அவளும் சொல்ல வேண்டியதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்ப்பாள். சுவரில் ஒன்றும் இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

சென்ற வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்து கிளெமோடு தெருவில் நடந்து பார்த்தாள். திரும்பி வந்து, "அவரோட தலைக்கு வழி தெரியல, காலுக்குத் தெரியுது" என்றாள். "இந்த ஒரு வழிதான். புதுசா ஒண்ணு இனிமே ஏறாது. இது இருக்கற வரைக்கும் விடுங்க." இது இல்லாமல் போனால் என்ன செய்வது என்று நோலா கேட்டாள். கதவைப் பூட்டிவைக்க வேண்டியிருக்கும் என்றாள் அந்தப் பெண். கொஞ்ச காலம் பூட்டுவார்கள், பிறகு முதியோர் இல்லத்தில் சேர்ப்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது என்றாள்.

டகன்ஸில் மூன்றாவது கவுண்ட்டர் மெலேயுடையது. டோங்கா தீவுக்காரி. பத்தொன்பது வருடமாக அதே கவுண்ட்டர். கிளெம் இரண்டாவது வரிசையின் கடைசிக்குப் போய் ஒரு பீட்ரூட் டின்னை எடுப்பார், வாசலருகே ஒரு ரொட்டியை எடுப்பார், மூன்றாவது கவுண்ட்டருக்கு வருவார்.

"இன்னைக்கு எந்த ரூட்டு கிளெம்?" என்பாள் மெலே.

"முந்நூத்தி எட்டு. ரோடு காலியா இருந்துச்சு."

"பெரிய மனுஷன் வர்றார்னு ஒதுங்கி நின்னிருப்பாங்க."

அவர் சிரிப்பார். மெலே எழுந்து வந்து தோளைப் பிடித்து வாசல் பக்கமாகத் திருப்பிவிடுவாள். மதியம் அவர் தூங்கும்போது நோலா தள்ளுபையில் பீட்ரூட் டின்களைத் திருப்பிக் கொண்டுபோவாள். விற்ற உணவைத் திரும்ப வாங்கக் கூடாது என்பது கடையின் விதி. "நீ எதுவும் கொண்டுவரல, நான் எதுவும் வாங்கல" என்று சொல்லிக்கொண்டே மெலே டின்களை அலமாரியில் அடுக்குவாள். மறுநாள் கிளெம் அதே டின்னை எடுப்பார். சில டின்களின் லேபிளில் மூலை கிழிந்து, நோலாவுக்கு அடையாளம் தெரிய ஆரம்பித்திருந்தது.

மார்ச் மாதம் லிஃப்ட்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். டகன்ஸ் இருக்கும் இடத்தில் இருபது மாடி வருகிறது, அதன் கீழ்த்தளத்தில் ஒரு புதிய சூப்பர் மார்க்கெட் வரும். எது வர வேண்டும் என்பதை மக்களே சொல்லலாம். இரண்டு படங்கள். ஒன்று பிக்பின்: சாமான்களைப் பெட்டியோடு அடுக்கிவைத்து மலிவாக விற்கும் கடை. மற்றது ஆலிவெட்: படத்தில் ஒரு மரத்தட்டும் அதன் மேல் அத்திப்பழமும் இருந்தன. பத்தாவது மாடி லியூபா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

"பாத்தியாடி நோலா. இருபது வருஷமா இந்த லிஃப்ட்டை மாத்துங்கன்னு கத்தினோம், யாரும் நம்ம கருத்தைக் கேக்கல. இப்ப ரொட்டி எங்க வாங்கணும்னு கருத்துக் கேக்கறாங்க."

"டகன்ஸ் போகுதா?"

"அதைச் சின்ன எழுத்துல போட்டிருக்காங்க."

நோலாவும் லியூபாவும் இருந்த அரசு வீட்டுக் கோபுரங்களைச் சுற்றி அச்சகங்களும் பனியன் கம்பெனிகளும் இருந்த இடங்களில் ஏழெட்டு வருடங்களாக அடுக்ககங்கள் எழும்பியிருந்தன. மரப் பலகை வைத்த பால்கனிகள், பால்கனிக்கு ஒரு எலுமிச்சைச் செடி. அங்கே குடிவந்தவர்கள் டகன்ஸுக்குள் வருவது அபூர்வம். ஈர அட்டைப் பெட்டியின் வாசனை அடிக்கிறது என்பார்கள். அது உண்மைதான். பேட்டைக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. எந்தக் கடை இந்த இடத்துக்குப் பொருந்தும் என்று அதில் மாதக்கணக்கில் எழுதினார்கள். லியூபா தன் போனில் அதைப் படித்து நோலாவுக்குச் சொல்வாள். பிக்பின் வந்தால் தள்ளுவண்டிகளைத் தெருவில் விட்டுவிட்டுப் போவார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

"யாரு விட்டுட்டுப் போறாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் லியூபா. "நான்தான்."

லியூபாவுக்கு எழுபத்து நான்கு வயது. மகனும் மருமகளும் அவர்கள் பிள்ளைகள் மூவரும் அவளோடு இரண்டு அறையில் இருந்தார்கள். அவளுக்கு பிக்பின் வேண்டும். கோபுரத்தில் எல்லோருக்கும் பிக்பின் வேண்டும். ஒவ்வொரு மாடியாக ஏறிக் கதவு கதவாகத் தட்டினாள். கூட்டத்தில் ஆளுக்கு மூன்று வட்ட ஸ்டிக்கர் கொடுப்பார்கள், பிடித்த கடையின் பலகையில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் என்று ருஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் கையை ஆட்டியும் சொன்னாள். "வாசல்ல சாசேஜ் சுட்டுத் தருவாங்க. சாப்பிடு, ஒட்டு, வீட்டுக்குப் போ."

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு மாதா கோயில் கூடத்தில் கூட்டம். கோபுரத்துக்காரர்கள் நாலரைக்கே வந்துவிட்டார்கள். ரொட்டித் துண்டில் மடித்த சாசேஜைத் தின்றுகொண்டே நீல நிற ஸ்டிக்கர்களை பிக்பின் பலகையில் ஒட்டினார்கள். முட்டி வலிக்காரர்கள், மாத்திரை நேரக்காரர்கள், அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு வந்தவர்கள். ஐந்தரைக்குள் பாதிக்கு மேல் வீடு திரும்பிவிட்டார்கள். பலகை நீலமாகிவிட்டிருந்தது. லியூபா தள்ளி நின்று அதை ஒரு ஓவியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

நோலா கிளெமைக் கையோடு கூட்டிவந்திருந்தாள். சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். சாசேஜை மடியில் காகிதம் விரித்து நிதானமாகச் சாப்பிட்டார். அவளுடைய ஸ்டிக்கர்கள் மூன்றும் இன்னும் கையில் இருந்தன. டகன்ஸுக்குப் பலகை இல்லை.

கட்டடக் கம்பெனி சார்பில் கூட்டத்தை நடத்தியவள் பிரையனி என்ற இளம்பெண். கழுத்தில் அட்டை, கையில் மைக். எந்தக் கூட்டத்திலும் முதலில் படிக்கும், இந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு மரியாதை செலுத்தும் வாசகத்தை ஒரு சீட்டைப் பார்த்துப் படித்தாள். பிறகு பேச அழைத்தாள். அதற்குள் அடுக்ககத்துக்காரர்கள் வேலை முடிந்து வந்துசேர்ந்திருந்தார்கள். சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் எழுந்து, பிக்பின் வந்தால் ஏரியாவின் தரம் இறங்கிவிடும் என்றார்.

"தரம்னா எது?" என்றாள் லியூபா. "இங்க ஏற்கெனவே இருக்கமே நாங்க, அதுவா?"

சிலர் சிரித்தார்கள். ஹெல்மெட்காரர் சிவந்துபோனார். நெஞ்சில் குழந்தையைக் கட்டியிருந்த ஒரு உயரமான ஆள் எழுந்தான். எல்லோரையும்போல அவனும் சட்டையில் ஒட்டியிருந்த பெயர் அட்டையில் ஹேமிஷ் என்று இருந்தது.

"யாரையும் குறை சொல்ல வரல. ஆலிவெட்ல உள்ளூர் விவசாயிங்ககிட்ட நேரா வாங்கறாங்க, அதைத்தான் சொல்றேன்."

"உள்ளூர்ல விவசாயி எங்கப்பா இருக்கான்? பத்தாவது மாடியிலேருந்து பார்க்கறேன், ஒருத்தனையும் காணோம்."

"கொஞ்சம் விலை கூடத்தான். ஆனா தரமானது."

"ஒரு ரொட்டி ஒன்பது டாலர். போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன். அதுக்கு ஒருத்தரோட பேர் வேற வெச்சிருக்காங்க. எங்க வீட்டுல ஒரு நாளைக்கு ரெண்டு பேரைத் திம்போம்."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். ஹேமிஷும் சிரித்தான். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தான். நோலா எழுந்து நின்றாள். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது. பிரையனி மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். மைக் சூடாக இருந்தது.

"புதுசைக் கட்டி முடிக்கற வரைக்கும் டகன்ஸை மூடாம வெச்சிருக்க முடியுமா?"

"நல்ல கேள்வி. ஆனா அது இன்னைக்கு நாம பேசற விஷயத்துக்கு வெளியில வருது, நோலா. கார் பார்க்ல போட்டு வெக்கறேன்."

மூலையில் மூன்றாவதாக ஒரு தாள் தொங்கியது. இன்று பேச முடியாதவற்றை எழுதிவைக்கும் தாள். தலைப்பில் கார் பார்க் என்று எழுதியிருந்தார்கள். ஏற்கெனவே அதில் 'லிஃப்ட்' என்றும் 'எலி' என்றும் இருந்தது. பிரையனி அதற்குக் கீழே 'டகன்ஸ்' என்று எழுதினாள்.

"நம்மள்ல எவன்கிட்ட கார் இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு கோபுரத்துக் குரல் முணுமுணுத்தது.

நோலா உட்காரவில்லை. உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று தோன்றியது. "சுவத்தோரமா உக்காந்திருக்காரே, அவர் என் வீட்டுக்காரர், கிளெம்" என்று ஆரம்பித்தாள். பத்தேகாலுக்குத் தொப்பி போடுவதைச் சொன்னாள். சிக்னலைச் சொன்னாள். பீட்ரூட் டின்னையும் மெலே கேட்கும் ரூட் நம்பரையும் சொன்னாள். காலுக்கு மட்டும் வழி தெரியும் என்பதைச் சொன்னாள். "அவர் தனியா போய்த் தனியா வர்றது உலகத்துல அந்த ஒரு கடைக்குத்தான். அங்க ஒரு மனுஷி இருக்கறதால போயிட்டு வர்றார்." நாற்காலியைப் பற்றிச் சொல்லவில்லை. வெறும் சுவரைப் பற்றியும் சொல்லவில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

கூடத்தில் ஒருவர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். கிளெம் மடியிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு அவரும் தட்டினார். சுற்றிலும் பார்த்து, மற்றவர்கள் நிறுத்தும்வரை தட்டினார். ஒரு பெண் அதைப் படம் எடுத்தாள்.

ஹேமிஷ் மறுபடி எழுந்தான். அவன் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அவன் நடிக்கவில்லை என்பது நோலாவுக்குத் தெரிந்தது. பிற்பாடு யோசிக்கும்போது அதுதான் அவளுக்குச் சிரமமாக இருந்தது.

"நாங்க எல்லாரும் சொல்ல நினைச்சதை நோலா சொல்லிட்டாங்க. கடைன்னா மனுஷங்க. பிக்பின்ல கவுண்ட்டர்ல ஆளே கிடையாது, எல்லாம் மெஷின். நாமளே பில் போட்டுக்கணும். ஆலிவெட்ல ஒவ்வொரு கவுண்ட்டர்லயும் ஆள் இருக்காங்க. செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் பாட்டை நிறுத்தி விளக்கைக் குறைச்சு, கிளெம் மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒதுக்கி வெக்கறாங்க." அவளைப் பார்த்தான். "மெலேவுக்கு அங்க வேலை தரணும்னு நாம கேட்டு எழுதலாம். நானே எழுதறேன்."

மெஷின் என்பது உண்மையா என்று நோலா லியூபாவைப் பார்த்தாள். லியூபா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். உண்மைதான்.

"சரி, இப்ப ரெண்டாவது சுத்து" என்றாள் பிரையனி. ஆரஞ்சு நிற ஸ்டிக்கர்த் தாள்களைக் கொடுக்க ஆரம்பித்தாள்.

"என்ன ரெண்டாவது சுத்து?" என்றாள் லியூபா.

"முதல்ல ஒட்டினது சும்மா ஒரு ஆரம்பத்துக்கு. ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேட்டப்புறம் ஒட்டறதைத்தான் எடுத்துக்குவோம். அழைப்புலயே போட்டிருக்கோமே."

லியூபா பையிலிருந்து அழைப்பை எடுத்துப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தாள். பிறகு வாசலுக்கு நடந்தாள், கிட்டத்தட்ட ஓடினாள். வெளியே சாசேஜ் சுட்ட தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தவனைத் தவிர யாரும் இல்லை. எதிரே மூன்று கோபுரங்களிலும் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன.

நோலாவின் உள்ளங்கையில் மூன்று ஆரஞ்சு வட்டங்கள் இருந்தன. ஒட்டாத நீலங்களைப் பையில் போட்டுக்கொண்டாள். இரண்டு பலகைகளுக்கும் நடுவில் நின்றாள். தன் பின்னால் ஆட்கள் காத்திருப்பது தெரிந்தது. முதலில் அவள் ஒட்ட வேண்டும் என்பதுபோல விலகி நின்றார்கள். ஒரு மனுஷி, ஒரு கவுண்ட்டர், பழைய இடத்திலேயே ஒரு கடை, அதே சிக்னல். மெலே அங்கே இருந்தாலும் இருக்கலாம். ஒருவேளை அவர் கால் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். லியூபா வாசலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். அவள் பார்க்கும்போதே நோலா மூன்றையும் ஆலிவெட் பலகையில் ஒட்டினாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒட்டினார்கள். மிச்சமிருந்த கோபுரத்துக்காரர்களில்கூட ஒன்றிரண்டு பேர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அங்கேயே ஒட்டினார்கள்.

எல்லாம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போதுதான் அவள் பிரையனியிடம் கேட்டாள்.

"எப்பத் திறப்பாங்க?"

"எல்லாம் சரியா நடந்தா முப்பத்தி ரெண்டு மாசம்."

"டகன்ஸ்?"

"அடுத்த மாசக் கடைசியில மூடறாங்க."

"நடுவுல?"

பிரையனி மூலைப் பக்கம் பார்த்தாள். மூலையில் தொங்கிய தாளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். ஹேமிஷ் பக்கத்தில் வந்து நின்றான். "வீட்டுக்கே கொண்டுவந்து தர்றாங்க நோலா. போன்லயே சொல்லிடலாம். நான் வந்து செட் பண்ணித் தரேன்."

"அவருக்கு வேணுங்கறது சாமான் இல்ல."

"புரியுது" என்றான் அவன். "நல்லாப் புரியுது." அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்தினான். நடுவில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது கிளெம் நடுவிலும் அவர்கள் இரண்டு பக்கமுமாக நடந்தார்கள். லிஃப்ட் ஏழாவது மாடியில் நின்று கதவு திறந்தபோது லியூபா பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அவருக்காகத்தான் பேசின. அது எனக்குத் தெரியும்."

"லியூபா."

"தெரியும்னு சொன்னேன். சரின்னு சொல்லல."

பொத்தானை விட்டாள். கதவு மூடியது.

இரண்டு வாரம் கழித்து லிஃப்ட்டில் வேறொரு காகிதம். வழவழப்பான தாள். கிளெம் கைதட்டும் படம். வாய் சற்றுத் திறந்திருந்தது, சந்தோஷமாக இருப்பதுபோல இருந்தது. மேலே பெரிய எழுத்தில்: 'கடை என்றால் மனிதர்கள்.' கீழே: 'நோலா, 31 ஆண்டுகளாக இங்கே வசிப்பவர்.' அப்படி அவள் சொல்லவில்லை. சொன்னது யார் என்பது நினைவிருந்தது. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. மறுநாள் யாரோ அவள் பெயருக்குக் கீழே பேனாவால் 'ஒன்பது டாலர்' என்று எழுதியிருந்தார்கள். லிஃப்ட்டில் அவள் ஏறினால் பேச்சு நின்றது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. முறைக்கவும் இல்லை. மாடி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். இருப்பதில் பக்கத்து பிக்பின் மாஸ்காட் என்ற பேட்டையில் இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒரு சனிக்கிழமை லியூபா தள்ளுபையோடு நிறுத்தத்தில் நிற்பதை நோலா ஜன்னலிலிருந்து பார்த்தாள். பையின் ஒரு சக்கரம் தேய்ந்து பை சாய்ந்தே நின்றது. முதல் பஸ்ஸில் இடமில்லை. அது நிற்காமல் போனது.

டகன்ஸ் பின்பக்கத்திலிருந்து காலியாக ஆரம்பித்தது. கடைசி அலமாரிகளைக் கழற்றி மிச்சச் சாமான்களை முன்னால் கொண்டுவந்து குவித்தார்கள். கிளெம் இரண்டாவது வரிசையின் கடைசிக்குப் போய் அங்கே எது இருந்ததோ அதை எடுத்துவந்தார். ஒரு நாள் மெழுகுவத்திப் பெட்டி. ஒரு நாள் பூனை உணவு. அவர்கள் வீட்டில் பூனை இல்லை. நாற்பது நிமிடம் ஐம்பதாயிற்று, ஒரு நாள் ஒரு மணி நேரமும் ஆயிற்று. நோலா நாற்காலியில் உட்காராமல் ஜன்னலிலேயே நின்றாள்.

கடைசி நாள் மதியம் கடைக்குப் போனாள். மெலே கவுண்ட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள், இனி யாரும் எதையும் வைக்கப்போகாத கவுண்ட்டரை.

"மவுண்ட் ட்ரூயிட்ல மக வீடு. அங்க போறேன்."

"ஆலிவெட்ல உனக்கு வேலை கேக்கறதா சொன்னாங்க."

"யாரு?"

"குழந்தையைக் கட்டிக்கிட்டு ஒருத்தன்."

மெலே சிரித்தாள். பெரிய உடம்பு முழுதும் குலுங்கும் சிரிப்பு. "முப்பத்தி ரெண்டு மாசம் இங்க உக்காந்து அவங்க கடை கட்டறதை வேடிக்கை பார்க்கவா?" துணியை மடித்து வைத்தாள். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அவர் காசு கொடுக்கணும்னா முதல்ல ரூட் நம்பர் கேக்கணும். கேட்டாத்தான் பர்ஸை எடுப்பார். இல்லேன்னா சும்மா நிப்பார். புது ஆளுங்ககிட்டச் சொல்லு."

இது நோலாவுக்குத் தெரியாது. மெலே கிண்டலுக்காகக் கேட்கிறாள் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தாள். தலையாட்டினாள். எந்தப் புது ஆட்கள் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கட்டடப் பராமரிப்பு ஆள் வந்து வீட்டுக் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் அடித்துக் கொடுத்தான். கிளெம் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்ததும், "நல்ல பலமா இருக்கு" என்று அவனைப் பாராட்டினார்.

திங்கள்கிழமை பத்தேகாலுக்கு அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். நோலா கதவருகே நின்றிருந்தாள். கையை உயர்த்தினால் தாழ்ப்பாள் எட்டும். அவர் வந்து அவளுக்கு முன்னால் நின்றார். அவள் ஏன் நிற்கிறாள் என்று புரியாமல், ஆனால் கோபமில்லாமல் பார்த்தார். சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் போட்டிருந்தார். சவரம் செய்திருந்தார். அவள் கை மேலே போகவில்லை. ஒதுங்கினாள்.

ஜன்னலுக்கு வந்தாள். மூன்று நிமிடம். தபால் பெட்டிகள், மரத்தின் இடப்பக்கம், சிக்னல். பச்சை விழுந்தது. தகரக் கூரையை ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள். அதனால் தொப்பி மறையவில்லை. கடை வாசலில் சாம்பல் நிறப் புள்ளியாக நின்றது. அவள் காத்திருந்தாள். புள்ளி சற்றுப் பின்னால் வந்தது. மறுபடி முன்னால் போனது. மறுபடி பின்னால் வந்தது.

அவள் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் இறங்கினாள். லிஃப்ட் வரவில்லை, படியில் இறங்கினாள். நான்காவது மாடியில் லியூபாவின் மருமகள் எதிரே ஏறிவந்து வழிவிட்டாள்.

டகன்ஸின் கண்ணாடிக் கதவுகளில் உட்புறமாகப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். கிளெம் அதன் எதிரே நின்றிருந்தார். இரண்டு அடி பின்னால் வைத்தார், நிதானமாக முன்னால் வந்தார், முகத்தைச் சற்று உயர்த்திக் கதவின் மேல்விளிம்பைப் பார்த்தார். தானாகத் திறக்கும் கதவு, ஆளைப் பார்த்துத்தான் திறக்கும். பார்க்கவில்லையோ என்று கையை ஒரு முறை அசைத்தார். திறக்கவில்லை. மறுபடி பின்னால் வந்தார். எவ்வளவு நேரமாக அப்படிச் செய்கிறார் என்று தெரியவில்லை. முகத்தில் கலவரம் எதுவும் இல்லை. நடைபாதையில் போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நோலா பக்கத்தில் போய் நின்றாள். மூச்சு வாங்கியது. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் அவர் திரும்பினார். அவளைப் பார்த்தார். ஏப்ரன், வேர்த்த முகம், கலைந்த முடி. அவசரமாக எதையோ வாங்க வந்த ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தொப்பியைத் தொட்டு, ஒரு அடி விலகி நின்றார்.

"நீங்க முதல்ல போங்கம்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

நோலா முன்னால் போனாள். கதவுக்கு எதிரே அவர் நின்றிருந்த இடத்தில் நின்றாள். பழுப்புக் காகிதத்தின் மேல் கண்ணாடியில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால், ஒரு கை தூரம் விட்டு, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, தன் முறைக்காக அவர் நின்றுகொண்டிருந்தார்.